புளியரை வளைவில் கிடந்த கல்

காதர் பாய் போய்விட்டார். முந்தாநாள் காலை, ராஜபாளையத்தில், மகன் வீட்டில்.

பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அஞ்சலி மேல் அஞ்சலி. அதில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்... "அருமையான டிரைவர். வாழ்நாளில் ஒரே ஒரு தப்புதான் செய்தார், அந்தப் புளியரைக் கல்."

அந்தத் தப்பு அவருடையது அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எண்பதுகளில் அவர் ராஜபாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் வாத்தியார். என் மொபெட்டுக்கு கேபிள் வாங்கப் போன இடத்தில் பழக்கம்.

அவரிடம் ஒரு பச்சை ஆஸ்டின் இருந்தது. அந்தக் காருக்கு அவரை விட நாலைந்து வயதுதான் குறைவு. ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் அதே மாதிரி சீமைக் கார்கள்.

சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்களும் வரிசையாகக் கிளம்பும். தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறி ஆரியங்காவு வரை. அங்கே ஒரு டீ. திரும்பி வீடு. அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஏற்றம்... வளைவுக்கு வளைவு மேகம் ரோட்டில் இறங்கி நிற்கும். முன்னால் போகிற காரின் சிவப்பு லைட் மட்டும் தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது.

பாயின் காரில் என் வேலை கல் கொடுப்பது. மூட்டை ஏற்றிய சைக்கிளை மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி தள்ளியவர்களுக்கு இது புரியும். ஏற்றத்தில் நின்ற கார் திரும்பக் கிளம்பும்போது ஒரு சாண் பின்னால் உருளும். நான் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுக்க வேண்டும்.

கார் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டால் நிற்காது. மேலே சமதளம் வந்தால்தான் நிற்கும். கல் கொடுத்தவனே கல்லை ஓரத்தில் உருட்டிவிட்டு ஓடிப் போய் ஏற வேண்டும். மலை ரோட்டில் போகிற எல்லோருக்கும் அதுதான் முறை.

"பாடம் நடத்துற வேகத்துல வந்தியன்னா ஆரியங்காவுக்கு அடுத்த வருசம்தான் சார்" என்பார் பாய். நான் மூச்சு வாங்க ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எங்கள் கார்தான் கடைசி. எதிரே லாரி வந்ததால் ஒரு வளைவில் நின்றோம். ஒரு பக்கம் வெள்ளையடித்த கல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதைத்தான் கொடுத்தேன்.

கார் ஏறிவிட்டது. மழை பலத்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.

"கல்லெ எடுத்துட்டியளா சார்?"

"எடுத்தாச்சு பாய்."

எடுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன். பிள்ளைகளுக்கு நூறு உதாரணம் சொன்னவனுக்கு இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

டீ குடித்துவிட்டு இறங்கும்போது அதே வளைவில் கூட்டம். புளியரைக்காரர் சுடலைமுத்து. ரப்பர் தோட்டத்து வேலைக்கு மொபெட்டில் ஏறியவர், மழையில் கல்லில் மோதி, சிறு பாலத்துக்குக் கீழே விழுந்து கிடந்தார். வலது கால் திரும்பியிருந்தது.

நடு ரோட்டில் அந்த வெள்ளையடித்த கல்.

பாய் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான்.

இறங்கிப் போய்க் கூட்டத்திடம், அது தான் வைத்த கல் என்று சொன்னார். "வண்டி ஓட்டுத ஆளு எப்படிவே கல்லு வைப்பாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"சாரு ஸ்டியரிங் புடிச்சாவ. நான் எறங்கி வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

எனக்கு கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தவன் போல நின்றேன்.

செங்கோட்டை ஆஸ்பத்திரி வரை சுடலைமுத்துவின் தலை என் மடியில் இருந்தது. "சார், கால் இருக்கா பாருங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் குரல் இப்போதும் வருகிறது... பாடம் நடத்திய காலத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போதுகூட வரும்.

ஊர் திரும்பும் வழியில் வாசுதேவநல்லூர் வந்தது. பாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்குற ஆளு நீங்க. இது எங்கிட்டயே கெடக்கட்டும்."

கெடந்தது.

கால் பிழைத்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. அதன் பிறகு வருடா வருடம் சாரலுக்குப் போகும்போது பாய் புளியரையில் சுடலைமுத்து வீட்டு முன் காரை நிறுத்துவார். நான் இறங்க மாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் காரை விற்கும் வரை அப்படித்தான்.

ஒரு தடவை சுடலைமுத்துவே கெந்திக்கொண்டு கார் ஜன்னலுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"பாய் அன்னைக்கு வண்டியை நிறுத்தாமப் போயிருப்பாவளாம். எறங்கி ஆளைத் தூக்கணும்னு சொன்னது நீங்கதானாமே சார். பாய் சொன்னாவ."

பழத்தை வாங்கிக்கொண்டேன். பாய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

நேற்று அடக்கம் முடிந்ததும் சுடலைமுத்துவுக்குப் போன் செய்தேன். பாய் தவறியதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் அழுதார். "மறந்து போட்டுட்டுப் போனது ஒரு கல்லு சார். அதுக்கு எம்புட்டு வருசம் வந்து பாத்தாவ" என்றார்.

அது மறந்துபோய் விட்ட கல் இல்லை சுடலைமுத்து. விட்டவரும் பாய் இல்லை. கல்லை எடுக்காமல் ஏறியவன் நான். எடுத்தாச்சு என்று சொன்னவனும் நான்.

இதை நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் நேரில் சொல்லிவிட செங்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். சிவகிரி தாண்டிவிட்டது.

போய் வாருங்கள் பாய்.