ரோலருக்கு அந்தப் பக்கம்

பேய்க்கதை சொல்லி என்னிடம் இதுவரை யாரும் லீவு வாங்கியதில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு நான் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரிக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். பெயர் ஜெயராணி, எல்லோருக்கும் ஜெயா அக்கா, வீடு மஹய்யாவ. லாண்டரி இருப்பது ஹோட்டலுக்கு அடியில், ஜன்னலே இல்லாத இடத்தில். புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே எதையாவது கேட்டுவிடுவார்கள், யாரோ கூப்பிட்டார்களாம், யாரோ பின்னால் நடந்தார்களாம். அது தண்ணீர்க் குழாய், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் நான், ஆனால் சாமி வேறு, இந்தக் கதைகள் வேறு.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். துவைத்த பெட்ஷீட்டை வெயிலில் போட்டு இஸ்திரி பிடிப்பதெல்லாம் அங்கே கிடையாது. ஈரத்தோடு கொண்டுவந்து பெரிய ரோலருக்குள் விடுவோம், அந்தச் சூட்டில் காய்ந்து சுருக்கம் போய் அந்தப் பக்கமாக வெளியே வரும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உள்ளே விட வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். இயந்திரம் ஆள் உயரத்துக்கு மேல், அந்தப் பக்கம் நிற்பவரின் தலைகூட நமக்குத் தெரியாது. சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் சாப்பாட்டு அறையில் கழித்துப்போட்ட கரண்டி இரண்டை எடுத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு என்றால் தயார். இரண்டு தட்டு என்றால் கோணலாக வருகிறது, பார்த்து விடு. மூன்று தட்டு வந்தால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். யார் தட்டியது என்று சுற்றிப் போய்ப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தட்டு வந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அது பெரஹெரா காலம், தலதா மாளிகைத் திருவிழா. ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை, மலை மலையாகத் துணி வந்து இறங்குகிறது. மத்தியானத்துக்கு மேல் ரோட்டை மூடிவிடுவார்கள், யானைகளைக் கூட்டிப் போகும்போது பஸ்ஸெல்லாம் அப்படியே நிற்கும், பின்னேர ஷிப்டுக்கு வர வேண்டியவர்கள் வந்து சேர மாட்டார்கள். வராவிட்டால் என்ன, காலையில் வந்தவர்களையே மேலிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். லாண்டரிச் சுவரில் ஊழியர் நலன் என்று பெரிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், அதில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குக் கீழே போட்டு உட்கார ஒரு கதிரை கேட்டேன், அது மட்டும் வந்தபாடில்லை.

என்னோடு இந்தப் பக்கம் நின்றவள் பஸீனா. கெலிஓயாவிலிருந்து வருகிற பெண், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், சின்னப் பிள்ளை ஒன்றை உம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் அவளை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அதனால் யார் நிற்கச் சொன்னாலும் நிற்பாள், முடியாது என்ற சொல் அவள் வாயில் வராது. தொடர்ந்து பல நாளாக இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"கொஞ்ச நேரம் போய் உக்காந்துட்டு வாயேன், மூஞ்சியே சரியில்ல," என்றேன்.

"எனக்கு ஒன்டும் இல்ல அக்கா, ஏலும்."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

"நான் குந்தி இருக்கிறத மெனேஜர் கண்டா என்ன நெனப்பாரு? இந்த மாசம் போகட்டும் அக்கா, பொறகு நல்லா இருக்கன்."

அந்தப் பக்கம் மடிக்க லெட்சுமி ஒருத்திதான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவள், கெட்டிக்காரி. அவளுக்கு ஜோடியாக நிற்க வேண்டியவள் வரவில்லை. ஒருத்தி மடிப்பது சிரமம் என்பதால் ரோலரை மெதுவாகத்தான் ஓடவிட்டிருந்தேன்.

மூன்றரை மணிபோல் நானும் பஸீனாவும் பிளேன்டி குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தோம். நான் கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. லெட்சுமி தயார் என்று சுவிச்சைப் போட்டேன். வேலை அருமையாக ஓடியது, அதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு பெட்ஷீட் கோணலாகப் போனபோது டக் டக் என்று சரியாக இரண்டு தட்டு வந்தது. லெட்சுமி இன்றைக்கு நல்ல வேகத்தில் இருக்கிறாளே என்று நினைத்து ரோலரைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். அதற்கும் அந்தப் பக்கம் ஈடுகொடுத்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஈரத் துணி வழுக்கும், அதை இழுத்துப் பிடிக்க மூலையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது லாண்டரிக்காரர்களின் கெட்ட பழக்கம். செய்யாதே என்று தொண்டை கிழியச் சொல்வேன், ஆனாலும் செய்வார்கள், சுற்றிப் பிடித்தால் சுருக்கம் விழாது என்பதால். வழக்கமாக ரோலர் வாயை நெருங்கும்போது விரலை உருவிக்கொள்வார்கள். உருவ மறந்தாலும் முன்னால் ஒரு கம்பி இருக்கிறது, அதில் கை பட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அந்தக் கம்பி பழுதாகிக் கிடந்தது. நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், பெரஹெரா முடியட்டும் ஜெயா என்று மெனேஜர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

என் கண் என் மூலையில் இருந்தது. அப்போதுதான் தட்டுக் கேட்டது. மூன்று. மெதுவாக அல்ல, சட்டமே அதிரும்படி. நான் யோசிக்கவில்லை, யோசிக்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை என்று சொன்னேனே, கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. ரோலர் நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், பஸீனா நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள். கண் முழுக்க மூடியிருக்கிறது, துணி விரலில் சுற்றியபடி இருக்கிறது, விரல் நுனி கம்பியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரு மூச்சு விடுகிற நேரம் போயிருந்தால் கை முழங்கைவரை போயிருக்கும். அவளைப் பின்னால் இழுத்து, துணியை அவிழ்த்து, விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் நுனி சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

விழித்துக்கொண்டவள் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா?

"அக்கா, மெனேஜருக்குச் சொல்லிடாதீங்க, என்ன நிப்பாட்டிடுவாரு."

கை பிழைத்ததைக்கூட அவள் நினைக்கவில்லை. எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, அவளைத் துணிக்கூடை மேலேயே உட்காரவைத்துவிட்டு, லெட்சுமியைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று அந்தப் பக்கம் போனேன்.

அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மேசை மேல் பெட்ஷீட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன. அவள் கழுவுகிற இடத்துக்குப் போயிருப்பாள் என்று கூப்பிட்டேன், தேடினேன். கடைசியில் முதலுதவி அறையில் கிடந்தாள், முகம் வெளுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு. பக்கத்தில் இருந்த நர்ஸ் பிள்ளை, இவள் டீக்கு முன்னாலேயே வந்து படுத்தவள், இந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்றது.

"தலை சுத்துச்சுக்கா. சொல்லலாம்னு பாத்தேன், நீங்க டீக்குப் போயிட்டீங்க. கொஞ்ச நேரத்துல வந்துடலாம்னு படுத்தேன், அப்படியே அசந்துட்டேன்," என்றாள்.

"அப்ப தட்டினது யாரு?"

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, அந்தப் பக்கத்துக் கரண்டியை எடுத்துக் காட்டினாள். காலையில் கயிறு அறுந்துவிட்டதாம், தொலைந்துவிடக் கூடாது என்று பையில் போட்டுக்கொண்டாளாம். டீ முடிந்து நான் கேட்ட தட்டு எல்லாம் இரும்பில் இரும்பு படுகிற சத்தம். அங்கே தட்டுவதற்கு ஒரு சாமான் இருக்கவில்லை.

நான் திரும்பிப் போய் அந்த மேசையைப் பார்த்தேன். சரி, லெட்சுமி போவதற்கு முன் மடித்ததாக இருக்கும் என்று என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, மடிப்பைப் பாருங்கள். பெரிய பெட்ஷீட்டை ஒருத்தி மடித்தால் நடுவில் கொஞ்சம் தொய்யும், எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் தொய்யும், லெட்சுமி முதலில் மடித்து அடியில் வைத்திருந்த அடுக்கிலும் அது தெரிந்தது. மேலே இருந்தவை அப்படி இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்துப் பிடித்து மடித்த மடிப்பு அது. எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

நான் பயந்து ஓடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேராக மெனேஜர் அறைக்குத்தான் போனேன். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் அந்த ஆள் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவார். கம்பியைச் செய்து தரும்வரை ரோலர் ஓடாது, வேண்டுமென்றால் சேர், நீங்களே வந்து கையை விட்டுப் பாருங்கள் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னேன். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து யாரையும் நிற்கவைக்கக் கூடாது, ஒவ்வொரு பக்கமும் கதிரை வேண்டும், தலை சுற்றிப் போய்ப் படுத்த பிள்ளையின் பெயரை யாரும் குறித்துவைக்கக் கூடாது என்றும் சொன்னேன். விருந்தாளிகளுக்கு பெட்ஷீட் வேண்டுமே என்றார். கை நசுங்கின பெட்ஷீட்டை எந்த அறைக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கே மெக்கானிக் வந்தான். கதிரைகளும் வந்தன. பஸீனா நிரந்தரமானாள், அவள் தூங்கியது நான் சொல்லி அவர்களுக்குத் தெரியும், இருந்தும் நிரந்தரமானாள், ஏனென்றால் அவளை அனுப்பினால் நானும் போவேன் என்று சொல்லியிருந்தேன், வெறும் வாய்ப்பேச்சுக்கு அல்ல.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். களைப்பில் மூன்று பேருக்கும் மூளை குழம்பியது என்று விட்டிருப்பேன்.

அந்த ரோலர் இப்போது இல்லை. கழற்றி விற்றுவிட்டார்கள். புதிதாக வந்தது தானே மடித்து அடுக்குகிற இயந்திரம், அந்தப் பக்கம் ஆளே நிற்பதில்லை, சுவரோடு ஒட்டிவைத்திருக்கிறார்கள். சுற்றிவர எல்லாம் பிளாஸ்டிக் மூடி. கரண்டிகளையும் தூக்கிப் போட்டுவிட்டோம்.

போன மாதம் ஒரு காலை. கூட்டம் இல்லாத சாதாரண நாள், நானும் பஸீனாவும் துணி விட்டுக்கொண்டிருந்தோம். மூன்று தட்டுக் கேட்டது. இரும்பில் இரும்பு. நான் உடனே நிறுத்திவிட்டு முதலில் பஸீனாவின் கையைப் பார்த்தேன். நன்றாக விழித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றப் பிள்ளைகளையும் பார்த்தேன், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். யாருக்காவது தட்டுக் கேட்டதா என்றால் யாருக்கும் கேட்கவில்லை. சரி என்று மறுபடி சுவிச்சைப் போடப் போனேன். திரும்பவும் மூன்று.

"அக்கா," என்றாள் பஸீனா, "ஒங்கட கையப் பாருங்க."

என் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த மூலை தரையில் கிடந்தது. எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது, விரலை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. பஸீனாதான் என்னைக் கதிரையில் இருத்தி, அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, ஆள் அனுப்பி வாகனம் கூப்பிட்டாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம், கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் கை திரும்பியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லோரையும் போய் உட்கார் உட்கார் என்று விரட்டுகிறவள், நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. இப்போது கை சரி, பாருங்கள், மடக்குகிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன், போகத்தான் போகிறேன், அந்த இடத்தில் எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்னும் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அன்றைக்கு பஸீனாவுக்காகத் தட்டியபோது சத்தம் ரோலருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. போன மாதம் அங்கிருந்து வரவில்லை. இந்தப் பக்கத்தில், பஸீனா நிற்காத பக்கம், என் இடது முழங்கைக்குப் பக்கத்தில், என்னோடு சேர்ந்து நிற்கிற ஆள் தட்டுவது போலக் கேட்டது.