என் மகள் "சளி" என்றாள்

போன வருடம் ஏப்ரல் மாதம். பெங்களூரு ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டில் நடந்தது. மேலே மொட்டை மாடிதான். "பெங்களூருல எதுக்குடி ஏசி?" என்று ஆம்பூர் சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மத்தியானம் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் ஏசி பவிசுக்கு வாங்கியது இல்லை. என் ஆறு வயது மகளுக்குப் பிறவியிலேயே வியர்க்காது. "வேர்க்கவே வேர்க்காதா? கொடுத்து வச்சவ" என்பார்கள். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏறினால் அவளுக்கு வலிப்பு வரைக்கும் போய்விடும். அதற்காகத்தான் ஜன்னலில் அந்தச் சின்ன ஏசி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து கரன்ட் போய்விட்டது. மோட்டார் ஓடாததால் டேங்கும் காலி. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து அவள்மேல் போர்த்தினேன். அதுவும் தீர்ந்தது. அவள் முகம் சிவந்து, பேச்சு குறைந்து, கண் செருக ஆரம்பித்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். அந்த வெயிலில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகவும் பயம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீராவது கேட்கலாம் என்று கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருப்பது கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கும் கன்னடப் பெண். படியில் பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி. விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். பவர் ஸ்டேஷனாம். லைட்டுகளுக்காக அவள் வைத்திருக்கும் பெரிய பேட்டரி. சாயங்காலம் ஒரு நிச்சயதார்த்த வேலைக்காக அதைத் தயாராக வைத்திருந்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னாள். "அதுக்கு வேணுமேம்மா" என்று இழுத்தேன்.

"போட்டோ கொஞ்சம் டார்க்கா வரும் அக்கா, அஷ்டே" என்றாள், அவ்வளவுதானே என்கிற மாதிரி.

பெட்டியில் ஏசியை மாட்டினோம். பால் கெட்டுவிடுமே என்று நான் புத்திசாலித்தனமாக ஃபிரிட்ஜையும் சேர்த்து மாட்டினேன். ஏசி உறுமியதும் பெட்டி கீச்சென்று கத்தி நின்றது. பதறிப்போய் உடனே மறுபடி போட்டேன், மறுபடியும் நின்றது. அவள் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, "ஏசி நின்னா கொஞ்ச நேரம் விடணும் அக்கா. உடனே போட்டா ரொம்ப கரன்ட் இழுக்கும்" என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அவள் தன் துப்பட்டாவை நனைத்து என் மகளின் கால்களில் சுற்றி, பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தடவை ஏசி பிடித்துக்கொண்டது. அறை மெல்ல மெல்லக் குளிர்ந்தது. மகள் கண்ணைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு சுருண்டு படுத்துக்கொண்டு, "அம்மா, சளி ஆகுது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறது போதாதென்று நெஞ்சில் சளி வேறா? ஏசியை அணைக்க ஓடினேன். கீழ்வீட்டுப் பெண் என் கையை எட்டிப் பிடித்தாள்.

"பேடா அக்கா, ஆஃப் பண்ணாதீங்க. எங்க பாஷைல சளின்னா குளிர். பாப்பாவுக்குக் குளிருது."

மகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கன்னடம் அது. எத்தனையோ நாள் "சுடுது சுடுது" என்று அழுத என் பிள்ளைக்குக் குளிருகிறதாம். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போர்வையைத் தேடினாள்.

பெட்டி தீரும் முன்பே கரன்ட் வந்துவிட்டது. அவள் பாதிக்கும் மேல் காலியான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

இன்றும் என் மகள் போர்வையை இழுத்துக்கொண்டு "சளி" என்றால், அன்று என் கையைப் பிடித்து நிறுத்திய அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு இந்த ஊர் சொந்த ஊராகிவிட்டது.