ஒன்பது நிமிட மேட்

தொழிற்சாலைக் கதவடைப்பின்போது ஒருவன் அவரைக் கருங்காலி என்றான். அவர் கையிலிருந்த கொறடால் சொன்னவன் தாடை மூன்று இடத்தில் உடைந்தது. கொறடு என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதும் வேலை போனதும் ஒரே நாளில். முரடன் என்று சொல்லுங்கள், சிரிப்பார். பொய்யன் என்றால் கைதான் பேசும்.

இப்போது வீட்டு முன்னறையில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம் பழைய செஸ் மென்பொருளோடு மல்லுக்கட்டு. இருபது வருடத்துக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடூரமான மேட் புதிர்களைக் கொடுப்பார். அது எத்தனை நேரத்தில் ராஜாவைச் சாகடிக்கிறது என்று குறித்து, இதே கிறுக்குப் பிடித்த நாற்பது பேருக்கு அனுப்புவார். அவர் எழுதிய நேரத்தை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. அந்த ஒரு மரியாதைதான் அவருக்கு மிச்சம்.

பதினோரு நகர்த்தலில் மேட் ஒன்று. ராணியை வெட்டக் கொடுத்து, இரண்டு யானையையும் பலியிட்டு, கடைசியில் ஒற்றைக் குதிரை குரல்வளையைக் கடிக்கும். அதை ஓட்டவிட்டு மூன்று நாளாகப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் சூடேறி நின்றது. விசிறியைத் துடைத்து மறுபடி ஓட்டினார். ஒன்பதே நிமிடம்! நாற்பது பேருக்கும் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை மனைவியின் தம்பி வந்தான். டிவி மெக்கானிக். ஒன்பது நிமிடக் கதையைப் பெருமையாகச் சொன்னார்.

“மாமா, மொதல்ல ஓட்டுன கணக்க அழிச்சீங்களா?”

“அதான் நின்னுபோச்சே. அதோட அதுவும் போச்சு.”

“எங்க போச்சு? கண்டுபிடிச்சத எல்லாம் டிஸ்க்குல எழுதி வெச்சிருக்கும். அழிக்காம ஓட்டுனா பிட்டடிச்சுப் பாஸான கதைதான். ஒம்பது நிமிஷம் பொய்யி மாமா.”

முதல் குத்தில் உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டார். மனைவி ஓடிவந்து, கைக்கு எட்டிய மரச் செஸ் பலகையால் கணவர் மண்டையில் போட்டாள். பலகை பிளந்தது.

“பொய்யா மெய்யான்னு மெஷினக் கேளுய்யா! என் தம்பி பல்லையா கேக்குற?”

அவள் கண்முன்னே டிஸ்க்கில் இருந்த கணக்கை அழித்தார். பக்கத்தில் மேசை விசிறி வைத்து, மண்டையில் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். ஒன்பது நிமிடம் போனது. பகல் போனது. மறுநாளும் போனது. நான்காம் நாள் காலை ராஜா செத்தான். எழுபத்தொரு மணி நேரம்.

நாற்பது பேருக்கும் எழுதினார்: ‘ஒன்பது நிமிடம் பொய். பழைய கணக்கை அழிக்காமல் ஓட்டினேன். அதைச் சொன்ன மச்சானை அடித்தேன். எழுபத்தொரு மணி நேரமே சரி. சாட்சி, என் மனைவி.’

அதை ஒரு தாளிலும் எழுதிக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார். அவன் வீங்கிய வாயோடு படித்தான்.

“அனுப்பிட்டியா?” ‘மாமா’வும் இல்லை, ‘ங்க’வும் இல்லை.

“அனுப்பிட்டேன்.”

எழுந்து வந்து மூக்கிலேயே குத்தினான். கொறடு கையைத் தூக்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னொண்ணு பாக்கி இருக்குல்ல மாப்ள?”

“இருக்கு. கை வலிக்குது, நாளைக்கு வா.”