பயிற்சிக்குப் போனவன் நான்

நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குமரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் நான் எழுத்தர். குடிநீரில் குளோரின் கலப்பது பற்றி நாகர்கோவிலில் ஒருநாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. போக வேண்டியவர் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர் தங்கையன். அதிகாரியோ என்னைப் பார்த்து, "அவன் போனா வால்வ யாரு தொறப்பா? நீரு போயிட்டு வாரும்" என்றார்.

வெட்கமில்லாமல் போனேன். பிரியாணி தின்றேன், சான்றிதழும் ஒரு பையும் வாங்கினேன். 'ஆசிட் இருந்த வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைக்காதீர்கள், விஷவாயு கிளம்பும்' என்று இரண்டு தடவை சொன்னார்கள். திரும்பி வந்து தங்கையனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம், கழிப்பறை கழுவிய வாளியின் அடியில் ஆசிட் கிடப்பது தெரியாமல் அவர் பவுடரைக் கொட்டிவிட்டார். பம்ப் அறை வாசலில் இருமிக்கொண்டு விழுந்து கிடந்தவரை நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கேட்டார்: "சாரே, நீங்க போன கிளாசுல இதச் சொன்னாவளா?"

"சொன்னாவ அண்ணே."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் அதிகாரி அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். 'உரிய பயிற்சி அளித்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டார்.' என்ன அநியாயம் இது என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

கொதித்துக்கொண்டே, ஒரு பிழையும் இல்லாமல் அதை டைப் அடித்துக் கொடுத்தேன்.