வண்டிக்கொட்டகையில் ஒரு ஜாக்கி

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அந்த வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. மாமனாரும் மாமியாரும் நான் வருமுன்பே காலமாகிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்க வருகிறவள் மத்தியானத்தோடு போய்விடுவாள். என் வீட்டுக்காரர் வக்கீல். நாள் பூராவும் கோர்ட்டில் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுப் படி ஏறினால் வாய்க்குப் பூட்டுதான். பாபநாசத்தில் அண்ணன் தம்பிகளோடு கத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். இங்கே சுவர்க்கடிகாரம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை குட்டியும் இல்லை. அழுகை வரும். அதையும் யாரிடம் போய் அழ?

இந்த லட்சணத்தில்தான் அவர் ஒரு மோட்டார் வண்டி வாங்கினார். மெட்ராஸில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. குதிரை வண்டி நின்ற கொட்டகையை ஒழித்து அதை உள்ளே நிறுத்தினார். அதன்பிறகு கோர்ட் இல்லாத நாளெல்லாம் அவருக்குக் கொட்டகைதான். எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு சக்களத்தி வந்திருந்தால்கூடச் சண்டை போடவாவது துணை கிடைத்திருக்கும்.

எங்கள் பக்கத்து ரோடுகளில் மாட்டு லாடத்து ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பாலத்தைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்தாலே ஏதாவது ஒரு டயரில் ஆணி ஏறியிருக்கும். டயரைக் கழற்ற வேண்டுமானால் வண்டியைத் தூக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கி நகர்த்தத் தெரிந்தது தேர் ஒன்றுதான். ஆகவே அவர் தேருக்குத் தடி போடுகிற ஆட்களையே கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களும் தேருக்குச் செய்கிறபடியே மூன்று சக்கரங்களுக்கு உருளாதபடி சறுக்குக்கட்டை கொடுத்து, நான்காவதன் பக்கம் நெம்புதடியைச் செருகி, நாலைந்து பேராகத் தடியில் ஏறி அமுக்கினார்கள். தேரின் கனத்துக்குப் பழகின உடம்புகள். மோட்டார் ஒரே துள்ளாகத் துள்ளிப் பக்கத்துச் சுவரில் மோதியது. முன் விளக்கு சுக்குநூறாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, இதுல கனமே இல்லியே" என்று ஒருவன் குறைப்பட்டுக்கொண்டான்.

இதையெல்லாம் நான் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். வெளி ஆண்கள் வந்துவிட்டால் எங்கள் குடும்பத்துப் பெண்கள் இரண்டாம் கட்டைத் தாண்டி வரக்கூடாது. வீடு நிறையச் சத்தமும் சிரிப்புமாக இருக்கும். நான் அடுக்களையில் தனியாக நின்று அவர்களுக்கு மோர் கலக்கிக்கொண்டிருப்பேன்.

விளக்கு உடைந்ததற்குப் பிறகு அவர் மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு ஒரு ஜாக்கி வரவழைத்தார். ரயிலில் மரப்பெட்டியில் வந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லாத இரும்புக் குட்டை. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நடுவிலிருக்கும் திருகு மேலே எழும்பி வண்டியைத் தூக்கும். ஒரு ஆள் சுற்றவும், இன்னொரு ஆள் குனிந்து திருகின் தலை அச்சில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவும் வேண்டும். இரண்டு பேர் போதும். இரண்டாவது ஆளுக்காக அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏளா, இங்கன வா. யாரும் இல்ல."

கல்யாணமாகி அத்தனை நாளில் அவர் என்னை ஒரு காரியத்துக்கென்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். நான் கைப்பிடியைச் சுற்றினேன், அவர் குனிந்து பார்த்தார். "பைய, பைய" என்றார். வண்டி எழும்புவதற்குப் பதிலாக ஜாக்கி மண் தரைக்குள் இறங்கியது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இருங்க, வாரேன்" என்று உள்ளே ஓடி, சாப்பிட உட்காருகிற பலா மணை ஒன்றை எடுத்துவந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தேன். இந்தத் தடவை வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது.

"எனக்குத் தோணாமப் போச்சே" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கொட்டகைக்கு நான் தேவைப்பட்டேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் வேலை செய்வார். கேட்கிற சாமானை நான் எடுத்துக் கொடுப்பேன். முகம் தெரியாத அந்த இடத்தில் மனுஷருக்குப் பேச்சு வந்தது. சின்ன வயதில் ஆற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டது, ஜட்ஜ் உற்றுப் பார்த்தால் இன்றும் தொண்டை அடைப்பது என்று என்னென்னவோ சொல்வார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய இரண்டு பாதங்களைப் பார்த்துக்கொண்டே நான் பதில் சொல்வேன். சந்தோஷமாக இருந்தேன், வேறென்ன சொல்ல. டயரில் ஆணி ஏறாத வாரம் எனக்கு வெறும் வாரம். லாடம் அடிக்கிறவன் நன்றாயிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

யார் கண் பட்டதோ, கோர்ட்டில் யாரோ அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். வக்கீல் மண்ணில் படுத்துப் புரளுவது அழகில்லை என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரைவரை வைத்துக்கொண்டார். நான் மறுபடி கதவுக்குப் பின்னால் போனேன். கொட்டகையில் அவன் ஜாக்கி சுற்றுவது எனக்கு அடுக்களையில் கேட்கும்.

"மணைய அவன்ட்ட குடுக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் அவனுக்குத் தெரியும். நீ சும்மா இரு" என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடுமுறை நாள். டிரைவர் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தான். இவர் பொறுக்க மாட்டாமல் தானும் அடியில் புகுந்து எதையோ பார்த்திருக்கிறார். கொட்டகைத் தரை ஈரத்தில் ஊறியிருந்தது. ஜாக்கி சாய்ந்துவிட்டது. முதலில் ஒரு சத்தம், அதற்குமேல் அவர் அலறல். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அச்சு அவருடைய தோளை மண்ணோடு அழுத்திக்கொண்டிருந்தது. டிரைவர் வெறுங்கையால் வண்டியைத் தூக்கப் பார்த்தான். முடியாமல் ஆள் கூப்பிடத் தெருவுக்கு ஓடினான்.

நான் மணையை எடுத்துவந்தேன். ஜாக்கி மண்ணில் சரிந்து கிடந்தது. அதைத் துடைத்துத் திருகை முழுக்க இறக்கினேன். அச்சுக்கு அடியில் நுழைக்க இடமில்லை. சற்று மேலே இருந்த வண்டிச் சட்டத்துக்கு அடியில் வைத்துச் சுற்றினேன். முதலில் சட்டம் மட்டும்தான் எழும்பியது. சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவிலிருந்த வில் விரிந்துகொண்டே போனதே தவிர அச்சு அசையவில்லை. அவர் கண் செருகிவிட்டது. "என்னைப் பாருங்க, இங்கன பாருங்க" என்று கத்திக்கொண்டே சுற்றினேன். கடைசியில் அச்சு எழும்பியது. அவருடைய கால்களைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

அப்போதுதான் டிரைவர் தடியும் ஆட்களுமாக வந்து நின்றான். நான் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். முந்தானை எங்கேயோ கிடந்தது. முழங்கை வரை சேறும் எண்ணெய்க் கரியும். அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

"ஏளா, உள்ள போ" என்றார்.

எழுந்து உள்ளே போனேன். அடுத்த பத்து நாளும் வீடு நிறைய ஆட்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். கட்டுப்போட்ட தோளோடு முன்கட்டில் படுத்துக்கொண்டு எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னார். டிரைவர் கெட்டிக்காரன், தெருவிலிருந்து ஆள் கூட்டிவந்து நிமிஷத்தில் வண்டியைத் தூக்கிவிட்டானாம். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்குப் புது வேட்டி கிடைத்தது. நான் உள்ளேயிருந்து ஒவ்வொருவருக்கும் காப்பி கலந்து அனுப்பினேன். அவர் சாகக் கிடந்தபோது வராத அழுகை அந்தக் காப்பியைக் கலக்கும்போது வந்தது.

தோள் ஓரளவு தேறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் ஊருக்குப் போயிருந்தான். டயர் ஒன்று இறங்கிக் கிடந்தது. கொட்டகையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"ஏளா, ஒரு கை பிடிக்கணும். வாறியா?"

"அடுப்புல பால் இருக்கு" என்றேன்.

"பொங்கட்டும், இறக்கி வச்சிட்டு வா. நான் இருக்கேன்."

நிஜமாகவே காத்திருந்தார். வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒற்றைக் கையால் ஜாக்கியைச் சுற்றுவது கேட்டது. கொஞ்சம் சுற்றுவார், வலியில் நிறுத்துவார், மறுபடி சுற்றுவார். எழுந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு கையாலும் அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை.