காய்ச்சலில்லாத வீட்டுக்கு ரொட்டி

தாம்பரம் பக்கம் அப்போதெல்லாம் ரொட்டி என்றால் காய்ச்சல். கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால் நாலு பேராவது நிறுத்தி, "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்பார்கள். கேட்டதோடு விடவும் மாட்டார்கள். சாயங்காலம் யாராவது ஒருவர் சாத்துக்குடியோடு வந்து நிற்பார். எண்பதுகளின் கடைசியில், வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாதபோது, நான் ரொட்டி வாங்க ஆரம்பித்தேன். துணிப்பைக்குள் ரொட்டியைப் போட்டு, மேலே ஒரு கட்டு முளைக்கீரையை வைத்து மறைத்துக்கொண்டு வருவேன்.

மறைக்கச் சொன்னவர் என் கணவர். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார். வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரில் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் அவரை வண்டியிலிருந்து இறக்கி ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கியிருந்தால் வண்டி; இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை அந்த நாற்காலிதான். போனை எடுத்து, யார் எந்த வண்டிக்கு வருகிறார்கள் என்று நோட்டில் எழுதுவது அவருடைய வேலை. "என் வண்டிக்கு வேற ஒருத்தன் பேரை நானே எழுதறேன்," என்றார் முதல் நாள். அதற்குப் பிறகு ஆபீசைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீடு சானடோரியம் பக்கம், தண்டவாளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. சாப்பிடும்போது வண்டிச் சத்தம் கேட்டால் அது போய் முடியும்வரை கையை அப்படியே வைத்துக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காது.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் ஆறு கிலோ குறைய வேண்டும் என்றார். கலோரி குறைவாக, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு துண்டு கோதுமை ரொட்டி, மீதிக்குக் காய்கறி. "சப்பாத்தி கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தாராளமா. எத்தனைன்னு நீங்க எண்ணுவீங்களா, அவர் எண்ணுவாரா?"

அவர் எண்ணினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரொட்டியே ஆகட்டும் என்று வந்துவிட்டேன்.

மார்க்கெட் பக்கத்து பேக்கரியில் ஸ்வீட் பிரெட், சால்ட் பிரெட் என்று இரண்டு வெள்ளை ரொட்டிகள் இருந்தன. மூன்றாவதாக ஒன்று, நல்ல பழுப்பு நிறத்தில். கடைக்காரரிடம் கோதுமை ரொட்டியா என்று கேட்டேன். "கோதுமைதாங்க்கா, கலரைப் பார்த்தாலே தெரில?" என்றார். கலரைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான். தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது, நாலு நாள் வைத்தாலும் அப்படியே இருந்தது. இவ்வளவு நல்ல ரொட்டியை விட்டுவிட்டு ஊரே வெள்ளை ரொட்டி வாங்குகிறதே என்று பரிதாபப்பட்டேன்.

வாரம் ஒருமுறை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுவேன். நீல நிறக் கரைசல் ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும். சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, கொல்லைப்புறம் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், செங்கல் நிறம் வந்தால் நிறைய. ஐந்து வாரமும் ஆரஞ்சு. ஒரு வாரம்கூட அது மாறவில்லை.

எனக்குச் சந்தேகம் அவர் மேல்தான் வந்தது. "ஆபீஸ் பக்கத்துல போண்டா போடறானே, அங்க நிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"டீயில சக்கரை?"

"அதான் இல்லங்கறேனே."

நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவும் சொன்னேன். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த இரண்டு துண்டையும் நான் சாப்பிட்டேன். வீணாக்க மனசு வராது.

ஆறாவது வாரம் பேக்கரி வாசலில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் உள்ளே, மாவு பிசையும் இடம்வரை போய் நின்றேன். ஒருவர் வெள்ளை வெளேரென்ற மாவில் கறுப்பாக எதையோ ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். ஊற்ற ஊற்ற மாவு எனக்குத் தெரிந்த பழுப்புக்கு வந்தது.

"இன்னாங்க அது?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன்.

"சக்கரைக்கா. கருக்கி வெச்சிகினு ஊத்தறது. கலருக்கு."

"மாவு?"

"மைதா."

நேரே கடைக்காரரிடம் வந்தேன். கோதுமை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "மைதா இன்னா அரிசிலேர்ந்தா வருது? கோதுமைலேர்ந்துதான்க்கா வருது. நான் பொய் சொல்லலியே," என்றார். அவர் சொன்னது உண்மை. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, நானே நடத்தியிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் மழையிலேயே இறங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பேக்கரிக்காரனைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். போண்டா விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மீதி ஏழு வாரம் இருந்தது. படப்பை போகிற சாலையில் ஒரு சின்ன பேக்கரி. தீபாவளிக்கு நாம் மாவும் வெண்ணெயும் கொடுத்தால் பிஸ்கட் போட்டுத் தருவார்கள். ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து, மில்லில் சலிக்காமல் அரைத்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, "இது எழும்பாதும்மா. கொஞ்சம் மைதா சேத்துக்கலாம்," என்றார். மைதா என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்றேன். முதல் தடவை வந்ததைப் பார்த்து என் பெண், "அம்மா, இதை வெச்சு காம்பவுண்டு சுவர் கட்டலாம்," என்றாள். மறு தடவை நாலு பங்குக்கு ஒரு பங்கு மைதா என்று இறங்கி வந்தேன். ஓரளவு ரொட்டி மாதிரி வந்தது.

ஆனால் பெரியவர் ஒரு ரொட்டிக்காக அடுப்பில் இடம் தரமாட்டார். போட்டால் நாலு. அந்த நாலும் நம் ஊர் புழுக்கத்தில் இரண்டாம் நாளே பூசணம் பூத்தது. நாலு நாள் கெடாமல் இருந்த பழைய ரொட்டியை நினைத்துக்கொண்டேன். பெரியவர்தான் வழி சொன்னார். "சூட்டோட மூடாதம்மா, வேர்த்துடும். நல்லா ஆறட்டும். மொத்தமா அறுத்து வெக்காத, அப்பப்போ அறு." அப்படியே செய்தேன். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் சுற்றி அலுமினிய டப்பாவில் வைத்தேன். எறும்புக்காக டப்பாவைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் நிறுத்தினேன். ஃபிரிட்ஜில் ஒன்றை வைத்துப் பார்த்தேன், பூசணம் இல்லை, ஆனால் விறகாகிவிட்டது. அதைத் தோசைக்கல்லில் வாட்டினால் தின்னலாம். இத்தனை செய்தும் மூன்று நாள்தான். அவருக்குக் கணக்கு ஒரு நாளைக்கு நாலு துண்டு. பெண் தொடமாட்டாள். மிச்சத்தையெல்லாம் நான் தின்றேன், சோறு தின்ற பிறகும், பாலில் ஊறவைத்து, மேலே சர்க்கரை தூவி. சர்க்கரை இல்லாமல் அது இறங்காது.

கொல்லைப்புறத்தில் ஆரஞ்சு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. பன்னிரண்டாம் வாரம் குழாயை விளக்கிலிருந்து எடுத்தேன். நீலம். இன்னும் கொஞ்ச நேரம் காட்டினேன். நீலம்தான். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த வாரம் பரிசோதனை முடிந்து, அவருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை நான் மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன், நானும் மூன்று துண்டு தின்றேன். பிறகு அவர் சப்பாத்திக்கு மாறி, தானே எண்ணப் பழகிக்கொண்டார்.

அடுத்த கோடையில் எனக்குத் தாகம் அடங்கவே இல்லை. வெயில்தான் என்று நினைத்தேன். வகுப்பில் பாதியில் வெளியே போக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரைசல் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மீதி இருப்பது கண்ணில் பட்டது. எட்டுச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினேன். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செங்கல் நிறத்துக்குப் போய்த்தான் நின்றது. அந்த வீட்டில் ஒரு வருஷமாக என் எடையை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் எந்த வண்டியும் ஓட்டவில்லையே.

டூட்டி முடிந்து வந்தவரிடம் சொன்னேன். சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அரை மணியில் ஒரு பாக்கெட்டோடு திரும்பி வந்தார். பை எதுவும் இல்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"கோதுமை ரொட்டி," என்றார். "கேட்டுத்தான் வாங்கினேன். கோதுமைதான்னு சொன்னான்."

விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல பழுப்பு நிறம், பஞ்சு மாதிரி அமுங்கி மேலே வந்தது. மார்க்கெட் பேக்கரி பாக்கெட்.

"வழியில ரெண்டு பேர் கேட்டாங்க, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லன்னு."

"என்ன சொன்னீங்க?"

"உனக்குன்னு சொன்னேன். சுகர்னு."

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். உள்ளே போய் வேட்டித் துணியைத் தேடி எடுத்தேன், இந்த ரொட்டிக்கு அது தேவையில்லை என்று திரும்ப மடித்து வைத்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா சாத்துக்குடியோடு வந்தாள்.