மதாம் ரேமோந்தும் பக்கத்து வீட்டு நால்வரும்

மதாம் ரேமோந்திடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "உனக்கு எதுக்கு அது?" என்பார். ரொட்டிக் கடைக்காரிக்கும் அதே பதில்தான், பாதிரியாருக்கும் அதே பதில்தான். எங்கள் சந்தில் எல்லோரும் அவரிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசப் பழகியிருந்தோம்.

அதற்குக் காரணம் இருந்தது. கணவர் இறந்த பிறகு, ரேமோந்த் தன் வீட்டை நாந்த் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவருக்கு வியாஜே முறையில் விற்றிருந்தார். பிரான்சின் இந்த மேற்குக் கரையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் பலர் செய்வதுதான் அது. வாங்கியவர் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவருவார். விற்றவர் கண் மூடும்வரை அதே வீட்டில் இருக்கலாம். அதற்குப் பிறகு வீடு வாங்கியவருக்கு. விற்றவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் யாருக்கு நல்லது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரேமோந்தின் பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு: அவர் முதியோர் இல்லத்துக்குக் குடிபோனால் அப்போதே வீடு மருத்துவர் கைக்குப் போய்விடும்.

ரேமோந்த் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் காலமெல்லாம் நின்றே வேலை செய்தவர். அந்த நிற்பு அவருடைய இடது இடுப்பைத் தின்றிருந்தது. வீட்டுக்குள் கோல் இல்லாமல் நடக்க முடியாது. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் வாரத்தில் சில நாள் நான்தான் அவர் வீட்டைப் பெருக்கித் துடைப்பேன். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவருடைய கட்டளை. போர்தோவில் இருக்கும் மகனுக்குத் தெரிந்தால் இல்லத்தில் சேர்த்துவிடுவான். மருத்துவருக்குத் தெரிந்தால் அவரே மகனுக்குப் போன் போடுவார்.

மருத்துவர் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வருவார். "கூரை பார்க்க வந்தேன், மதாம்" என்பார். சட்டப்படி கூரை அவர் பொறுப்பு. ஆனால் அவர் தலையைத் தூக்கி ஓடுகளைப் பார்த்ததை நான் கண்டதில்லை. அடுப்படியிலிருந்து வாசல் வரை ரேமோந்த் நடந்து வருவதைத்தான் பார்ப்பார். அந்தக் கொஞ்ச தூரத்தை ரேமோந்த் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பார்.

அக்டோபர் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். அது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு. அதையும் நான்தான் சுத்தம் செய்கிறேன். சீசன் முடிந்ததால் வாடகை பாதிதான். பழைய காரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை, பெரிய சூப் பானை, வீட்டுச் செருப்புகள் எல்லாம் இறங்கின. இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோருக்கும் நாற்பதுக்குப் பக்கம் வயது. அதிகம் பேசியவள் மோட். கழுத்தில் கேமராவோடு இருந்தவன் பஸ்தியான்.

அந்த வயதுக்காரர்கள் கடற்கரைக்கு வந்தால் அலைப்பலகையும் சைக்கிளும் கொண்டுவருவார்கள், விடியும்வரை சத்தம் போடுவார்கள். இவர்கள் மதியம் தூங்கினார்கள். எழுந்ததும் கோட்டுப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு கடலுக்கு எதிரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குறுக்கெழுத்துப் போட்டார்கள். மைதானத்தில் கிழவர்களோடு பெத்தாங் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு ஆடித் தோற்றார்கள். ஏழு மணிக்கு சூப், ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது.

ரேமோந்த் ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளைக்கு முழங்கால் எப்படி மடங்குது பாரு. மாடிப்படியை ஓடி ஏறுறா. இவளுக்கு எதுக்குடி ஒம்பது மணிக்குப் படுக்கை?"

"சிக்கனமா இருக்காங்க போல, மதாம்."

"சிக்கனம் பண்றவன் அவன் ஊர்லயே தூங்கலாமே. வாடகை குடுத்து இங்க வந்து தூங்குவானா? போடி இவளே."

அடுத்த நாள் மோட் வந்து கதவைத் தட்டினாள். வெள்ளை மொச்சையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று கேட்டாள். ரேமோந்த் சொன்னார். மோட் போகவில்லை.

"மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்குவீங்க, மதாம்? ராத்திரி தூக்கம் நல்லா வருதா?"

"வருது."

"தனியாவா இருக்கீங்க? மாடியிலயா படுக்கிறீங்க?"

ரேமோந்த் கதவைச் சாத்திவிட்டார். சாத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாடியிலயா படுக்கிறேன்னு கேக்குறாடி! படி ஏற முடியுதான்னு தெரிஞ்சுக்கணும் அந்தப் பல் டாக்டருக்கு. அந்த வண்டி நம்பரைப் பாத்தியா? நாப்பத்து நாலு. நாந்த் வண்டி."

நானும் பார்த்திருந்தேன். நாந்த் பெரிய ஊர், அங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்று மாலையே பஸ்தியான் சந்தில் நின்று ரேமோந்தின் வீட்டைப் படம் எடுத்தான். ஜன்னல், கதவு, பிறகு துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரேமோந்த். அதற்குப் பிறகு எனக்கும் சந்தேகம் வந்தது.

மறுநாளிலிருந்து ரேமோந்த் கோலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ரொட்டிக் கடைக்கு வெறுங்கையோடு நடந்தார். மைதானத்துக்குப் போய் ஒரு குண்டை வாங்கி எறிந்து, எதிராளியின் குண்டைச் சிதறடித்தார். மோட் கைதட்டினாள். "எங்க எல்லாரையும் விட நீங்கதான் திடமா இருக்கீங்க!"

"போய்ச் சொல்லு," என்றார் ரேமோந்த். யாரிடம் என்று மோட்டுக்குப் புரியவில்லை.

மாலையில் நான் அவர் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்தேன். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், மதாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடி இந்த வாசலை மிதிப்பேனா? இவங்க கிளம்புற வரைக்கும் தாக்குப்பிடிச்சா போதும்."

ஆனால் அந்த வாரம்தான் கடல் நன்றாக வற்றும் நாள் வந்தது. ஊரே வாளியும் மணல் கிளறும் வாரியும் எடுத்துக்கொண்டு மட்டி பொறுக்கப் போகும். நால்வரும் வந்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று நின்றார்கள். ரேமோந்த் என்னைப் பார்த்தார். மறுத்தால் முடியவில்லை என்று ஆகிவிடும். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சேற்று மணலில் வெகுதூரம் போனோம். மட்டியின் மூச்சுத் துளைகளைக் காட்ட ரேமோந்த் மண்டியிட்டார். வாரியால் கிளறிக் காட்டினார். நால்வரும் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டு பரவிப் போனார்கள். ரேமோந்த் மட்டும் அதே இடத்தில் இருந்தார்.

"எந்திரிங்க, மதாம். தண்ணி திரும்புது."

"கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மதாம்."

"சத்தம் போடாதடி. கால் வரலை."

நான் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீர் அவர் பூட்ஸைத் தொட்டபோது நான் கத்திவிட்டேன். நால்வரும் ஓடிவந்தார்கள். பஸ்தியான் கரைக்கு ஓடி அவர்களுடைய மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்தான். ரேமோந்தை அதில் உட்காரவைத்து, ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"இறக்குங்கடா! ஊர் பாக்குது! நான் என்ன மாதா சிலையா, ஊர்வலம் போறதுக்கு?"

"கொஞ்சம் ஆடாம இருங்க, மாதாவே," என்று பஸ்தியான் மூச்சிரைத்தான். "சிலை இவ்வளவு திட்டாது."

அவர்கள் வீட்டு அடுப்படியில் போர்வை போர்த்தி உட்காரவைத்தார்கள். மோட் சூடான சூப்பை நீட்டினாள். ரேமோந்த் அதைத் தொடவில்லை.

"பல் டாக்டர் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேமோந்த் எல்லாவற்றையும் கொட்டினார்: வியாஜே, கூரை, இல்லம், மாடிப்படிக் கேள்வி, படம். மோட்டின் முகம் சிவந்தது.

"மதாம், நாங்க ரிட்டயர் ஆனவங்க மாதிரி இருந்து பாக்க வந்தோம். அவ்வளவுதான். எங்களுக்கு அந்த வயசு வர்றதுக்குள்ள அரசாங்கம் ரிட்டயர் வயசை எங்க தள்ளி வச்சிருக்குமோ. எனக்கு வேலையும் போச்சு. அதான், உடம்பு நல்லா இருக்கும்போதே ரெண்டு வாரம் வாழ்ந்து பாத்துடலாம்னு. எப்படி வாழ்றதுன்னு தெரியலை. அதான் உங்களைக் கேட்டேன். பஸ்தியான் படம் எடுத்ததும் அதுக்குத்தான்."

"மத்தியானம் தூங்குறதுக்குப் பாடம் வேணுமா?"

"எனக்கு வரவே இல்லை," என்றாள் மோட். "கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை. ஆனால் நன்றாகப் பொய் சொல்கிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். ரேமோந்த் சூப்பை எடுத்து, முதலில் மோட்டிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்த பிறகுதான் தான் குடித்தார்.

அந்த வார இறுதியில் காற்று பலமாக அடித்தது. மறுநாள் காலையில் நான் ரேமோந்தின் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சந்து முனையில் மருத்துவரின் கார் தெரிந்தது. ரேமோந்த் சமையல் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

மருத்துவர் கதவைத் தட்டியபோது மேசையைச் சுற்றி மோட், பஸ்தியான், இன்னொருத்தி, ரேமோந்த் என நால்வர் பெலோத் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு நால்வரில் மிச்சமிருந்தவன் பிரியோஷ் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான்.

"கூரை பார்க்க வந்தேன், மதாம்."

"கூரை வெளியிலதான் இருக்கு, முசியே. கதவைச் சாத்துங்க, குளிர் வருது."

"எழுந்திருக்க வேண்டாம், மதாம், இருக்கட்டும்..." என்று சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். ரேமோந்த் எழுந்திருப்பார் என்று.

"ஆட்டத்துக்கு நடுவுல எந்திரிக்க விட மாட்டோம்," என்றான் பஸ்தியான். "தோக்குற நேரத்துல இந்தம்மா இப்படித்தான் நழுவப் பாக்கும்."

"யாருடா தோக்குறது?" என்று ரேமோந்த் சீட்டை மேசையில் அறைந்தார். "அன்னிக்கு மட்டி பொறுக்கப் போனோமே, அங்கயும் இவனுக்கு என் வேகம் வரலை."

மருத்துவர் சுவரோரம் வாளியில் கிடந்த மட்டிகளைப் பார்த்தார். அவை எங்கள் வீட்டு மட்டிகள். நான்தான் முந்தைய மாலை கொடுத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து துணியைப் பிழிந்தேன். மருத்துவர் ஒரு துண்டு பிரியோஷ் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டார். சந்து முனையில் கார் திரும்பும்வரை யாரும் சீட்டைக் கீழே வைக்கவில்லை.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன், ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு ரேமோந்தின் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கினார்கள். பகலில் சோபா மாதிரி தெரிய மெத்தைகளை அடுக்கிவைத்தார்கள். மோட் ரேமோந்தின் கன்னங்களில் முத்தமிட்டு, "உடம்பைப் பாத்துக்கங்க" என்றாள்.

"ஏன்?" என்றார் ரேமோந்த் சட்டென்று. பிறகு தன் மேலங்கிப் பையில் கைவிட்டு, பின்கதவின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினார்.

கார் போன பிறகு நான் கேட்டேன்: "நம்பிக்கை வந்துடுச்சா, மதாம்?"

"எனக்காக அவ்வளவு அழகா பொய் சொன்னவங்க," என்றார் அவர், சோபாவில் மெல்லச் சாய்ந்துகொண்டே. "என்கிட்டயே பொய் சொல்றதுக்கு அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வசந்தத்துல வர்றாங்களாம். வரட்டும், தனியா இருக்குறதுக்கு அது தேவலை. ஆனா வந்ததும் முதல்ல என்னைப் பாக்குறாங்களா, வீட்டைப் பாக்குறாங்களான்னு நீ கவனிச்சுச் சொல்லு."